கட்டும் முன்பே நெரிசலைக் கணித்தவர்: கணித அறிஞர் எர்லாங்கின் வாழ்க்கை

ஒரு கணினி வலையமைப்பை நிறுவுவதற்கு முன்பே, எத்தனை சேவையகங்கள் தேவை, பயனாளர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரிடும் என்பதைப் பொறியாளர்கள் இன்று கணக்கிட்டு விடுகின்றனர். இதற்கு அடித்தளமிட்டவர், மின்னணுக் கணினிகள் தோன்றும் முன்பே மறைந்த டென்மார்க் கணித அறிஞர் ஆக்னர் கிராருப் எர்லாங்.

1878 ஜனவரி 1-ஆம் தேதி லோன்போர்க் கிராமத்தில் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்த எர்லாங், 1901-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் பள்ளிகளில் கற்பித்தார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரும் கணித ஆர்வலருமான யோஹான் யென்சனின் அறிமுகத்தால், 1908-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர்முன் இருந்த கேள்வி எளிமையானது, விடையோ கடினமானது. இணைப்புத் தடங்கள் குறைந்தால் அழைப்புகள் கிடைக்காது. மிகுந்தால் முதலீடு வீணாகும். எனில், எத்தனை தடங்கள் போதும்?

அழைப்புகள் தற்செயலாக வந்தாலும், அவற்றின் எண்ணிக்கை நிகழ்தகவு விதிக்கு உட்பட்டதே என்று 1909-இல் அவர் நிறுவினார். அழைப்பு மறுக்கப்படும் வாய்ப்பையும் காத்திருப்பு நேரத்தையும் கணக்கிடும் சூத்திரங்களை 1917-இல் வெளியிட்டார்.

ஒரு மணி நேரத்தில் சராசரியாக மூன்று நிமிடங்கள் நீடிக்கும் 200 அழைப்புகள் வருவதாகக் கொள்வோம். நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தவறக்கூடாது எனில், இச்சூத்திரத்தின்படி 18 தடங்கள் வேண்டும். அழைப்புகள் 400 ஆக இரட்டித்தாலோ 36 தேவையில்லை. 30 தடங்களே போதும். வளங்களைப் பகிர்ந்து பயன்படுத்துவதன் ஆதாயத்தை இக்கணக்கு உணர்த்தியது.

எர்லாங் ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. ஏணி சுமந்த தொழிலாளி ஒருவருடன் கோபன்ஹேகன் தெருக்களின் ஆள்நுழை குழிகளில் இறங்கி, மின்கசிவைத் தாமே அளவிட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்நிறுவனத்தில் பணியாற்றிய அவர், திருமணம் செய்துகொள்ளவில்லை.

வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின், 1929 பிப்ரவரி 3-ஆம் தேதி, தமது 51-வது வயதில் காலமானார்.

தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு 1946-இல் 'எர்லாங்' என்று பெயரிடப்பட்டது. எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய கணினி நிரல்மொழியும் அப்பெயரையே தாங்கியுள்ளது. வரிசைக் கோட்பாடு என்னும் துறையாக வளர்ந்த அவரது கணக்குமுறை, அழைப்பு மையங்கள் முதல் சேவையகத் தொகுப்புகள் வரை, வடிவமைப்பின் தொடக்க நிலையிலேயே இன்றும் கையாளப்படுகிறது.