ஒரு ஃபோர்மன் கேப்டன் ஆன கதை



கிரிக்கெட் என்றால் சாப்பாட்டையும் மறந்து பேசுகிற கூட்டம் நாம். ஆனால் ரக்பி என்றால்? முட்டை மாதிரி ஒரு பந்து, முட்டி மோதிக்கொள்ளும் முரட்டு ஆட்கள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் உலகமே வியந்து பார்த்த முதல் நியூசிலாந்து அணியின் கேப்டன் ஒரு இறைச்சிக் குளிர்பதனத் தொழிற்சாலையின் ஃபோர்மன். பெயர் டேவ் கல்லஹர். நாளைக்கு ஏதோ ஒரு ஷாப் ஃப்ளோரில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கப் போகிற நமக்கு, இந்த மனிதரின் கதை நிச்சயம் பிடிக்கும்.

வறுமையில் வளர்ந்த பிள்ளை

1873 அக்டோபர் 30 அன்று அயர்லாந்தின் டோனெகால் மாவட்டம், ரமெல்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1878இல் குடும்பம் கப்பலேறி நியூசிலாந்து வந்து காட்டிகாட்டி என்ற புதுக் குடியேற்றத்தில் இறங்கியது. நல்ல நிலம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது திருத்தவே பல வருஷம் ஆகும் தரிசு. வயதான அப்பா, வீடு நிறையப் பிள்ளைகள். அம்மாதான் பள்ளிக்கூட டீச்சர் வேலைக்குப் போய் அடுப்பெரிய வைத்தார். அந்த அம்மாவும் 1887இல் புற்றுநோயில் போய்விட்டார். டேவுக்கு அப்போது 13 வயது. படிப்பு அத்தோடு நின்றது. வேலைக்குப் போனார்.

பிறகு குடும்பம் ஆக்லாந்து நகரத்துக்கு வந்தது. அங்கே இறைச்சிக் குளிர்பதனத் தொழிற்சாலையில் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். முழு ஆட்டை, மாட்டுத் துண்டங்களைத் தோளில் தூக்கிப் போடுகிற வேலை. ஜிம்முக்குப் போகாமலே உடம்பு இரும்பாயிற்று! படிப்படியாக ஃபோர்மன் ஆனார். சனிக்கிழமைகளில் பான்சன்பி கிளப்புக்காக ரக்பி. 1896இல் ஆக்லாந்து மாகாண அணியில் இடம்.

1901இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போனார். அப்போது தன் வயதை மூன்று வருஷம் குறைத்துச் சொன்னார். இந்தச் சின்னப் பொய்யை ஞாபகம் வையுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

கப்பலில் ஒரு கலகம்

1903இல் நியூசிலாந்து அணிக்கு ஆட ஆரம்பித்தவரை, 1905இல் பிரிட்டன் போகும் அணிக்குச் சங்கமே கேப்டனாக நியமித்தது. கப்பல் கிளம்பியதும் ஆரம்பித்தது முணுமுணுப்பு. கேப்டனை ஆட்டக்காரர்கள் அல்லவா தேர்ந்தெடுக்க வேண்டும், மேலிருந்து யாரோ நியமிப்பதா என்று சிலர் கேட்டார்கள். கல்லஹர் என்ன செய்தார் தெரியுமா? கோபப்படவில்லை, ஆள் சேர்க்கவில்லை. நேராக எழுந்து ராஜினாமா செய்கிறேன் என்றார். துணைக் கேப்டன் பில்லி ஸ்டெட்டும் கூடவே எழுந்தார். மேனேஜர் ஏற்கவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. 29 பேரில் ஆதரவு 17 தான்! கை தூக்காதவர்களையும் சேர்த்து அரவணைத்துத்தான் அவர் ஒரு அணியைக் கட்ட வேண்டியிருந்தது.

வேலையைப் பிரித்த வித்தை

இங்கேதான் ஃபோர்மன் மூளை தெரிகிறது. ரக்பியில் அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். முன்னால் இருப்பவனுக்கு வீசக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை. அந்தக் காலத்தில் 3 பாயிண்ட். சிறு தவறுகளுக்குப் பிறகு ஆட்டம் ஸ்க்ரம் மூலம் மறுபடி தொடங்கும். இரு தரப்பு ஃபார்வர்டுகளும் குனிந்து, தோளோடு தோள் கோத்து, நடுவில் விழும் பந்துக்காகத் தள்ளுவார்கள்.

பிரிட்டிஷ் அணிகளில் ஸ்க்ரமுக்கு முதலில் ஓடி வந்தவன் முன்வரிசையில் தலையைக் கொடுப்பான். யாருக்கும் நிரந்தர இடம் இல்லை. பிராக்டிகல் கிளாஸில் யார் முதலில் வந்தாலும் லேத்தைப் பிடிக்கிற மாதிரி! நியூசிலாந்து அணியிலோ 2-3-2 என்று ஏழு பேருக்கும் குறித்த இடம், குறித்த வேலை. எட்டாவது ஆள் ஸ்க்ரமுக்குள் தலையே கொடுக்க மாட்டான். பந்தை உள்ளே போட்டுவிட்டு, பின்னால் பந்தை எடுக்கும் ஹாஃப்-பேக்குக்கு அரண் மாதிரி பக்கத்தில் நிற்பான். அதற்குப் பெயர் விங் ஃபார்வர்டு. அந்த இடத்தில் ஆடியவர் கல்லஹரேதான். இந்த முறை ஏற்கெனவே நியூசிலாந்தில் இருந்ததுதான். கல்லஹரும் ஸ்டெட்டும் அதைக் கப்பல் தளத்திலேயே ஓயாமல் பயிற்சி கொடுத்துப் பட்டை தீட்டினார்கள்.

பலன்? 1905 செப்டம்பர் 16, முதல் ஆட்டம், டெவன் மாவட்ட அணியுடன். 55-4! அப்புறம் நிற்கவே இல்லை. ஸ்காட்லாந்து 12-7, அயர்லாந்து 15-0, இங்கிலாந்து 15-0. ஆல் பிளாக்ஸ் என்ற பெயர் உலகெங்கும் பரவியது இந்தப் பயணத்தில்தான்.

ஆனால் ஜெயிக்கிறவனைச் சும்மா விடுவார்களா? கேப்டன் வழி மறிக்கிறார், ஏமாற்றுகிறார் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மைதானங்களில் கூச்சல். அரணாக நிற்பவர் அவர் என்பதால் வசையும் அவர் தலையில்தான். இதில் எதிர்தரப்புக்கும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். விதி அனுமதிக்கும் எல்லைக் கோட்டிலேயே நின்று ஆடியவர் அவர். 1930களின் தொடக்கத்தில் அந்த விங் ஃபார்வர்டு இடமே ஆட்டத்திலிருந்து போய்விட்டது.

ஒரே ஒரு தோல்வி

27 வெற்றிகளுக்குப் பிறகு 1905 டிசம்பர் 16, கார்டிஃப் நகரம், எதிரே வேல்ஸ். ஸ்க்ரமில் ரெஃப்ரி திரும்பத் திரும்பக் கல்லஹருக்கு எதிராகவே விசில் ஊதினார். வேல்ஸின் டெடி மோர்கன் ஒரு ட்ரை போட்டார். 0-3. இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டை நோக்கிப் பாய்ந்து விழுந்தார். ட்ரை ஆகிவிட்டது, என்னைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள் என்பது டீன்ஸின் வாதம். கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தார் என்பது வேல்ஸின் வாதம். ரெஃப்ரி ட்ரை இல்லை என்றார். ஆட்டம் முடிந்தது. அந்த வாக்குவாதம் நூறு வருஷம் தாண்டியும் முடியவில்லை!

கல்லஹருக்குப் புலம்ப எவ்வளவு காரணம் இருந்தது? அவர் புலம்பவில்லை. சிறந்த அணி ஜெயித்தது என்று ஒப்புக்கொண்டார். தான் ஆடிய ஆட்டத்தின் ரெஃப்ரியைப் பற்றி எப்போதும் கருத்துச் சொல்வதில்லை என்று முடித்துக்கொண்டார். பயணக் கணக்கு: 35 ஆட்டம், 34 வெற்றி; எடுத்தது 976 பாயிண்ட், கொடுத்தது 59.

ஊர் திரும்புமுன் அவரும் ஸ்டெட்டும் சேர்ந்து தங்கள் ஆட்டமுறையை வரைபடங்களோடு ஒரு பெரிய புத்தகமாக்கினார்கள். 1906இல் வெளிவந்தது. 13 வயதில் படிப்பை விட்டவர் ஒருவர், பூட்ஸ் தைக்கும் தொழிலாளி ஒருவர். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்காமல், தோற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

போகாமல் இருந்திருக்கலாம்

அதன் பிறகு அவர் ஆக்லாந்துக்கும் நாட்டு அணிக்கும் தேர்வாளர். கல்யாணம், ஒரு பெண் குழந்தை. அப்போது வந்தது முதல் உலகப் போர். கட்டாய ராணுவச் சேவைக்கான வயதை அவர் தாண்டிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் 1916 மே மாதம் தானே பெயர் கொடுத்தார். தம்பி டக்ளஸ் போரில் இறந்ததற்குப் பழி வாங்கப் போனார் என்று பலர் எழுதுவார்கள். தம்பி இறந்தது ஜூனில். அண்ணன் அதற்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டார்.

1917 அக்டோபர் 4, பெல்ஜியத்தில் பாஷெண்டேல் போர்முனை. சார்ஜென்ட் கல்லஹரின் ஹெல்மெட்டைத் துளைத்துக்கொண்டு குண்டுச் சிதறல் தலையில் பாய்ந்தது. அன்றே உயிர் போயிற்று. வயது 43. அடுத்த வருஷம் இன்னொரு தம்பி ஹென்றியும் போரில் மாண்டார். வீட்டில் அந்தப் பெண் குழந்தைக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. இதை வீரம் என்பதா, வீண் என்பதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை நண்பர்களே.

பொப்பரிங்க ஊரருகே நைன் எல்ம்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறைக் கல்லில் வயது 41 என்று தப்பாகப் பொறித்திருக்கிறது. வயதைக் குறைத்துச் சொன்ன மனிதரின் கல்லறையிலும் வயது குறைவாகவே நின்றுவிட்டது!

ஆக்லாந்தின் கிளப் போட்டிக்கு 1922 முதல் அவர் பெயரில் கேடயம். நியூசிலாந்தும் பிரான்சும் மோதும் ஆட்டங்களுக்கு 2000 முதல் அவர் பெயரில் கோப்பை. ஈடன் பார்க் மைதான வாசலில் 2011 முதல் அவர் சிலை.

சிலை இருக்கட்டும். நமக்கு நினைவில் நிற்க வேண்டியது அந்தக் கப்பல். தன்னை வேண்டாம் என்றவனுக்கும் அவனவனுக்குரிய இடத்தைக் கொடுத்து, வசையைத் தான் வாங்கிக்கொண்டு, தோற்ற அன்று யார் மேலும் பழி போடாமல் நின்றார் பாருங்கள், அவர்தான் ஃபோர்மன்!