பாடலினும் பண்பு நின்றது

புலவரின் புகழ் அவர் பாடிய நூல்களால் நிலைபெறும் என்பர். இப்பொது விதிக்குள் முற்றும் அடங்காத பெரியார் ஒருவர் உளர். அவரே திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். தலபுராணங்கள் இருபதுக்கு மேலும், பிள்ளைத்தமிழ் பத்தும், அந்தாதி, கோவை முதலிய பிரபந்தங்கள் பலவும் அவர் இயற்றினார். அவற்றுட் பெரும்பாலன அவ்வத்தலத்து அன்பரின் வேண்டுகோளாற் பிறந்தவை. இன்று அவற்றை முற்ற ஓதினார் மிகச் சிலரே. ஆயினும் அவர் பெயரைக் கேட்டவளவில் தமிழ் கற்றார் உள்ளம் கனிகின்றது. அதற்குக் காரணம் யாது?

1815 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், தம் தந்தையார் சிதம்பரம் பிள்ளையிடம் முதற்கண் தமிழ் கற்றார். நூல்கள் ஏட்டில் இருந்த காலம் அது. ஏடுடையார் அவற்றை எளிதிற் கொடார். பொருளறிந்தார் எளிதிற் சொல்லார். திருச்சிராப்பள்ளி வீதிகளிற் பிச்சையேற்று உண்ட பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் வல்லவரென அறிந்து, அவர் பின்னே திரிந்து, வேண்டுவன செய்து, அந்நூலைப் பாடங் கேட்டார். இங்ஙனம் அரிதிற் பெற்ற கல்வியைப் பிற்காலத்தில் எளிதில் வழங்கினார்.

திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய காலத்தும் அவரிடம் செருக்குத் தோன்றவில்லை. பிறர் பாடலிற் குற்றம் தேடாது குணத்தையே பாராட்டினார். மாணாக்கரிடம் பொருள் பெறாது, உணவும் அளித்துக் கற்பித்தார். கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும், இசுலாமியரான நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணாக்கரே. வந்த பொருள் பிறர்க்கே செலவாயிற்று. கடன் இறுதிவரை அவரை விட்டிலது. புலவரின் வறுமையை ஓர் அணியாகப் புகழ்வார் உளர். அஃது எனக்கு உடன்பாடன்று. புகழத்தக்கது, அவ்வறுமையிலும் மாணாக்கர்பால் குறையாதிருந்த அன்பே.

1876 பெப்ரவரி முதல் நாள் அவர் உயிர் நீங்கியபோது, சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருந்தார்; சாமிநாதையர் திருவாசகம் ஓதினார். சமயத்தால் வேறுபட்ட இருவரை ஒரு படுக்கையருகே மைந்தர் போல் நிறுத்தியது அவர் பாடிய புராணமன்று, அவர் பண்பேயாம்.

அச்சாமிநாதையர் 1871 இல், பதினாறு வயதில், அவரை அடைந்தவர். 1887 இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர். தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அவர் பண்பினை நாம் இன்று இத்துணை விரிவாக அறிதல் அந்நூலாலேயே. நாள்தோறும் உடனிருந்து கண்ட மாணாக்கன், அரை நூற்றாண்டு கடந்தும் அதனை மறந்திலன்.

பண்டித வகுப்பிற் பல்லாண்டு பாடஞ் சொல்லிவரும் எனக்கு இச்சரித்திரம் அச்சமும் தருகின்றது. யான் விளக்கிய சூத்திரங்களை மாணாக்கர் மறத்தல் கூடும். விளங்காது மீண்டும் வினவிய பிள்ளைக்கு யான் எந்த முகத்தோடு விடை கூறினேன் என்பதை அவர் மறவார். நூலாராய்ச்சியில் நாம் எத்துணை வல்லேமாயினும், நம்மை அளக்குங் கோல் அவர் கையிலன்றோ உளது!