எண்ணி நடந்த வாத்தியார்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



மலையேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தா என்று மலர்க் குழு அண்ணன்கள் கேட்டார்கள். சர்வே கேம்ப்புக்காக ஏற்காடு போய் வந்ததைத் தவிர எனக்கு மலை அனுபவம் எதுவும் கிடையாது. அதனால் நடந்தே ஒரு நாட்டுக்கு வரைபடம் போட்ட ஒரு மனிதரின் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் பெயர் பண்டிட் நைன் சிங் ராவத். சிவில் பசங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து மற்ற பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்!

நைன் சிங் 1830இல் பிறந்தார். ஊர் மிலம். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் ஜோஹார் பள்ளத்தாக்கில், பனியாற்றின் அடிவாரத்தில் இருக்கிற கிராமம். உயரம் சுமார் 3,400 மீட்டர். நம்ம ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்றால் பாத்துக்குங்க. அந்தக் காலத்தில் அந்த ஊர் மக்கள் கோடையில் ஆடுகளின் முதுகில் தானிய மூட்டையை ஏற்றிக்கொண்டு, கணவாய் தாண்டி திபெத்துக்குப் போவார்கள். திரும்பும்போது உப்பும் கம்பளியும் வரும். அவர்களுக்கு ட்ரெக்கிங் என்று தனியாக ஒன்று கிடையாது. பிழைப்பே நடைதான்.

எங்கப்பாவும் ஆட்டுக்குப் பின்னாடி நடக்கிறவர்தான். அதனாலேயோ என்னவோ, இந்த மனிதரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

1855இல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் இமயமலையை ஆராய வந்தபோது, நைன் சிங் அவர்களோடு வேலைக்குப் போனார். கருவிகளை முதலில் தொட்டுப் பார்த்தது அங்கேதான். பிறகு சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனார். பண்டிட் என்ற பட்டம் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

இந்த இடத்தில் நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் சர்வே 1802இல் சென்னையில்தான் தொடங்கியது. பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 7½ மைலுக்கு லாம்ப்டன் என்பவர் அடிக்கோடு அளந்தார். அந்த முக்கோணங்கள் வளர்ந்து வளர்ந்து இமயமலை வரைக்கும் போய்விட்டன. அதற்கு அப்பால் திபெத். அங்கே வெளிநாட்டார் நுழையத் தடை. தியோடலைட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஸ்டாண்டு போட்டு நிற்க முடியுமா? உயிர் மிஞ்சாது. ஆங்கிலேயருக்கு வரைபடம் வேண்டும், வழியோ இல்லை.

மாண்ட்கோமரி என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார். மலைக்காரர்களையே பழக்கி அனுப்புவது என்று. 1863இல் நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் தேர்வானார்கள். டேராடூனில் பயிற்சி.

என்ன பயிற்சி தெரியுமா? நடப்பதுதான்! மேடானாலும் பள்ளமானாலும் சமதரையானாலும் ஒரே அளவில் தப்படி வைக்க வேண்டும். ஒரு மைலுக்கு ஏறக்குறைய 2000 தப்படி. ஒரு மைல் 63,360 அங்குலம். வகுத்துப் பாருங்கள், ஒரு தப்படி 31½ அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். நம்ம கணக்கில் 80 சென்டிமீட்டர். ஏற்றத்தில் தப்படி தானாகவே சுருங்கும் என்று மலையேறிய எல்லோருக்கும் தெரியும். அதைச் சுருங்க விடாமல் காலைப் பழக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு ஒரு ஜெபமாலை. வழக்கமான மாலையில் 108 மணி. இவர் மாலையில் 100 மணி மட்டுமே. நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 தப்படி, அதாவது 5 மைல். கையில் திபெத்தியர் சுற்றுகிற பிரார்த்தனைச் சக்கரம். உள்ளே மந்திரச் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் இவருடைய அளவுக் குறிப்புகள். அதுதான் அவருடைய ஃபீல்டு புக். கைத்தடிக்குள் வெப்பமானி, பெட்டியின் கள்ள அடித்தட்டில் செக்ஸ்டன்ட், சோழிகளுக்குள் பாதரசம். ராத்திரியில் பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினால் ஆடாத கண்ணாடி மாதிரி நிற்கும். அதில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கோணம் அளந்தால் அட்சரேகை கிடைக்கும்.

வெப்பமானி எதற்கு? தண்ணீரைக் கொதிக்க வைத்து உயரம் கண்டுபிடிக்க. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். சுமாராக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ். பாலிடெக்னிக் முதல் வருஷ பிசிக்ஸ்தான் நண்பர்களே!

1865இல் இருவரும் புறப்பட்டார்கள். நேபாளம் வழியாக முயன்றார்கள். மணி சிங் பாதியில் பிரிய, நைன் சிங் வியாபாரி வேஷத்தில் கணவாய் தாண்டி, 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். கையில் காசு கரைந்தபோது அங்கிருந்த நேபாள வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார். வாத்தியார் வேலை எங்கே போனாலும் சோறு போட்டது! லாசாவின் அட்சரேகையையும் உயரத்தையும் கணக்கிட்டார். சாங்போ ஆற்றை ஒட்டி மேற்கே நடந்து, 1866 அக்டோபரில் இந்தியா திரும்பினார். மொத்தம் 1,200 மைல். சுமார் 25 லட்சம் தப்படி, அத்தனையும் எண்ணியது.

1867இல் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கப் பகுதிக்குப் போனார். 1874இல் லடாக்கின் லே நகரிலிருந்து கிளம்பி, மறுபடியும் லாசா போய், 1875இல் அசாம் பக்கம் வந்து இறங்கினார். அதோடு உடம்பு போதும் என்றது. பிறகு தன்னைப்போல் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1877இல் லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் தந்தது. 2004இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அவர் நடந்தது அந்நிய அரசாங்கத்துக்காக என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கால்கள் அவருடையவை, அந்த நேர்மையும் அவருடையது.

நேர்மை என்று ஏன் சொல்கிறேன்? இங்கேதான் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சர்வே கேம்ப்பில் கடைசி நாள். எங்கள் குழு நாலு பேர். லெவலிங்கை ஆரம்பித்த பெஞ்ச் மார்க்குக்கே திருப்பிக் கொண்டுவந்து பிழை பார்க்க வேண்டும். மாலையில் பனி இறங்கிவிட்டது, ஸ்டாஃப் தெரியவில்லை, பசி வேறு. ரூமில் உட்கார்ந்து, மிச்ச ரீடிங்கை நாங்களே எழுதிவிட்டோம். பிழை சரியாக பூஜ்யம்! ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு.

ஊருக்கு வந்த பிறகுதான் நைன் சிங்கைப் படித்தேன். அவர் பக்கத்தில் சார் இல்லை, குழு இல்லை. பனிக்காற்றில் ரெண்டு மணியைச் சும்மா தள்ளியிருந்தால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. மாட்டினால் உயிர் போகும் என்ற பயத்தோடு நடந்தவர், எண்ணிக்கையை மட்டும் விடவில்லை. பின்னால் நடந்த அளவீடுகளோடு அவர் கணக்கு பெருமளவு ஒத்துப்போனது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி வளாகத்தில் ஒரு கிலோமீட்டருக்குத் திரும்ப எடுக்கச் சொன்னார். வெயிலில் எடுத்தோம். பிழை 18 மில்லிமீட்டர். சாதாரண லெவலிங்கில் ஒரு கிலோமீட்டருக்கு 24 வரை அனுமதி உண்டு. பூஜ்யத்தைவிட அந்தப் பதினெட்டு எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. குழுவில் ஒருத்தன் இன்னும் என்னோடு பேசவில்லை. இதைப் படித்தால் பேசுவான் என்று நம்புகிறேன்.

சரி, மலையேற்றம் ஆரம்பிக்க என்ன வழி? மைதானத்தில் 100 மீட்டர் அளந்து, மூன்று தடவை இயல்பாக நடந்து தப்படியை எண்ணி, சராசரி எடுங்கள். மாலை வேண்டாம், இடது பாக்கெட்டில் புளியங்கொட்டை போதும். நூறு தப்படிக்கு ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். முதலில் ஊருக்குப் பக்கத்தில் படி இருக்கிற சின்ன மலை. இரண்டாவது வாரம் ஐந்து கிலோமீட்டர். புது ஷூவோடு போகாதீர்கள், பழகிய ஷூ நல்லது. தண்ணீர் அவசியம். தனியாக வேண்டாம். காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன பலர் இறந்ததை மறக்கக் கூடாது.

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவோடு ஒரு நாள் ஆட்டுக்குப் பின்னால் நடந்தேன். புளியங்கொட்டையை மாற்றிக்கொண்டே. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் பதினான்கு கிலோமீட்டர். அப்பாவிடம் சொன்னேன். இவ்வளவு நாளாக யாரும் அளந்து சொன்னதில்லை என்று சிரித்தார்.

நடப்போம் நண்பர்களே. எண்ணியும் நடப்போம்!