மாம்மன் மாப்பிள்ளை

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, இராயபுரத்தில் கல்மண்டபம் என்னும் பகுதி உள்ளது. அங்கிருந்து தண்டையார்பேட்டை வழியாக வடதிசை நோக்கிச் செல்வோர் திருவொற்றியூரை அடைவர். தியாகராசர் திருக்கோயிலாலும், பட்டினத்தார் அடங்கிய இடத்தாலும் புகழ்பெற்ற அவ்வூர், இருபதாம் நூற்றாண்டில் தொழில் வளத்தாலும் பெயர் பெற்றது. 1946ஆம் ஆண்டில் அவ்வூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்குரிய பலூன்களைச் செய்யத் தொடங்கிய இளைஞர் ஒருவர், பின்னர் நாடறிந்த டயர்த் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அவரே கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஆவார்.

மாம்மன் மாப்பிள்ளை 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை, கோட்டயத்தில் மலையாள மனோரமா இதழை நடத்தியவர். வங்கித் தொழிலிலும் ஈடுபட்டவர். திருவிதாங்கூர் அரசின் சினத்திற்கு அவர் ஆளாகவே, 1938ஆம் ஆண்டில் வங்கி வீழ்ந்தது, இதழ் முடக்கப்பட்டது, அவரும் சிறைப்பட்டார். செல்வத்தில் திளைத்த குடும்பம் திடீரென வறுமையுற்றது. மைந்தர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற நாளில் விடுதியின் வெறுந்தரையே அவருக்குப் படுக்கையாயிற்று. இழந்த செல்வத்தை எண்ணி ஏங்காமல், தம் உழைப்பால் உயர வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

பலூன் செய்வதற்குப் பெரும் பொறிகள் வேண்டுவதில்லை. அச்சுகளை இரப்பர்ப் பாலில் தோய்த்து எடுத்து உலர்த்திப் பதப்படுத்தினால், மெல்லிய உறை கிடைக்கும். இங்ஙனம் செய்த பலூன்களை மாம்மன் மாப்பிள்ளை பையில் சுமந்து, சென்னைத் தெருக்களில் தாமே விற்றார். 1949ஆம் ஆண்டளவில் கையுறை முதலிய பொருள்களும் அக்கொட்டகையில் உருவாயின. தம்புச்செட்டித் தெருவில் ஒரு சிறு அலுவலகமும் அமைந்தது.

எனினும், பலூன் தொழிலோடு நின்றுவிட அவர் விரும்பவில்லை. தேய்ந்த டயரின் மேற்புறத்தைச் சுரண்டி, அதன்மேல் புதிய இரப்பர்ப் பட்டையை ஒட்டி, வேகவைத்து மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். ரீட்ரெடிங் எனப்படும் அவ்வேலைக்குரிய பட்டையை விற்பதில் அந்நாளில் அயல்நாட்டு நிறுவனங்களே மேலோங்கியிருந்தன. அப்பட்டையை நம் நாட்டிலேயே சிறந்த முறையில் செய்ய இயலும் என்று துணிந்து, 1952ஆம் ஆண்டில் அவர் அத்தொழிலில் இறங்கினார். நான்கே ஆண்டுகளில், நாட்டில் விற்ற பட்டையில் ஏறத்தாழப் பாதி அவருடைய தொழிற்சாலையிலிருந்து சென்றது.

இத்தொழிலின் உயிர்நாடி யாது என்பதை அறிதல் நலம். இரப்பர் என்பது மிக நீண்ட இழைகளைப் போன்ற மூலக்கூறுகளால் ஆனது. அவ்விழைகள் தனித்தனியே இருப்பின், வெப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். ஆகவே பச்சை இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்று கண்டார். காசிமேட்டு மீனவர் பின்னும் வலையை நோக்குக. நூல்களை ஆங்காங்கே முடிச்சிட்டமையால், இழுத்தாலும் வலை குலைவதில்லை. கந்தகமும் அவ்வாறே இழைகளைப் பிணைக்கிறது. ஆயின் அம்முடிச்சு நிலையானது. அதனால் ஒருமுறை வேகவைத்த டயரை உருக்கி மீண்டும் வார்த்தல் இயலாது.

1961ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் துணையுடன் மாம்மன் மாப்பிள்ளை டயர் உற்பத்தியைத் தொடங்கினார். அங்கேதான் பெரிய சோதனை காத்திருந்தது. அமெரிக்கச் சாலைகளுக்கென வகுத்த முறை, நம் நாட்டு வெயிலுக்கும், மேடு பள்ளங்களுக்கும், பெரும்பாரம் ஏற்றிய லாரிகளுக்கும் பொருந்தவில்லை. இரவல் அறிவு மட்டும் போதாது என்பதை உணர்ந்து, அவர் ஆராய்ச்சியில் கருத்தைச் செலுத்தினார். 1963ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் இரப்பர் ஆராய்ச்சி நிலையத்திற்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார்.

அதே ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரில் செயற்கை இரப்பர் உற்பத்தியும் தொடங்கியது. பூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் இரு பொருள்களை இணைத்து ஆக்கும் அவ்விரப்பருக்கு, இணைபல்படி என்பது பொதுப்பெயர். அதில் ஸ்டைரீன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கும். கதம்ப மாலையில் பலவகைப் பூக்கள் முன்பின் முறையின்றிக் கலந்து வருமன்றோ? அதுபோல, இவ்விரப்பரின் இழையிலும் இரு பொருள்களும் கலந்தே வருகின்றன. இதற்கும் கந்தக முடிச்சு இன்றியமையாதது. தேய்மானத்தைத் தாங்குதலின், இது டயருக்குப் பெரிதும் பயன்படுகிறது.

இனி, அவ்விரு பொருள்களையே வேறு வகையில் தொடுத்தால் நிகழ்வது வியப்பிற்குரியது. நடுவில் பூட்டாடையீனை மட்டும் நீளமாகத் தொடுத்து, இரு முனைகளிலும் ஸ்டைரீனை மட்டும் வைத்தால், முனைகள் தம்முள் திரண்டு கெட்டியான முடிச்சுகளாகின்றன. நடுப்பகுதி வளைந்து நீள்கிறது. கந்தகம் வேண்டுவதில்லை. ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அம்முடிச்சு இளகத் தொடங்கும். குளிர்ந்தால் மீண்டும் இறுகும். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷெல் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த இவ்வகைப் பொருளை உருக்கி வார்க்கலாம். கழிவையும் மீண்டும் உருக்கலாம். காலணியின் அடிப்பாகம், பசை, சாலைக்குரிய தார்க்கலவை ஆகியவற்றில் இது பயன்படுகிறது. ஆயின் ஓடும் டயர் மிகுதியாகச் சூடேறும்; இளகும் முடிச்சு அதற்கு ஆகாது. ஆகவே டயருக்கு நிலையான முடிச்சும், காலணிக்கு இளகும் முடிச்சும் ஏற்றனவாயின. பொருள் ஒன்றே எனினும், தொடுக்கும் முறையே அதன் குணத்தையும் பயனையும் வகுக்கிறது.

ஆராய்ச்சியின் பயன் விரைவில் விளைந்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவிற்கு டயர் ஏற்றுமதி செய்த முதல் இந்திய நிறுவனம் என்னும் பெருமையை மாம்மன் மாப்பிள்ளையின் நிறுவனம் பெற்றது. எந்நாட்டிடம் தொழில் கற்றாரோ, அந்நாட்டிற்கே அவர் பொருளை அனுப்பினார். 1992ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள், தமது எண்பதாம் வயதில் அவர் சென்னையில் மறைந்தார்.

பலூன், பட்டை, டயர் ஆகிய மூன்றும் இரப்பரால் ஆனவையே. அதைப் பதப்படுத்தும் அறிவு வளர வளர, அவருடைய தொழிலும் வளர்ந்தது. வறுமை வந்துற்றபோது தளராமையும், பிறரிடம் கற்றதைத் தம் நாட்டிற்கேற்ப ஆராய்ந்து திருத்தும் ஊக்கமும் அவரை உயர்த்தின. அவ்விரு பண்புகளையும் மாணவர் தம் வாழ்வில் கைக்கொள்வாராக.