கட்டத்துக்காக வாழ்ந்த ஓவியர்

கட்டம் போட்ட துணியை யாருக்குத்தான் பிடிக்காது? பாயிலே கட்டம், சன்னல் கம்பியிலே கட்டம், குழந்தையின் சட்டையிலே கட்டம். பார்த்தால் கண்ணுக்கு ஒரு குளிர்ச்சி. மனதுக்கு ஓர் ஒழுங்கு.

இந்தக் கட்டத்துக்காகவே தம் வாழ்நாளைக் கொடுத்தார் ஒருவர். அவர் பெயர் பீட் மாண்ட்ரியான். ஹாலந்து நாட்டு ஓவியர்.

ஆசிரியர் மகன்

1872-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி ஆமர்ஸ்ஃபூர்ட் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமை ஆசிரியர். படம் வரையவும் தெரிந்தவர். சிற்றப்பாவோ ஓவியர். சிறுவனுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

வாத்தியார் வேலை இருந்தால் சோற்றுக்குக் கவலை இல்லை. அதனால் மாண்ட்ரியான் சித்திர ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினார். ஆனால் மனம் பள்ளிக்கூடத்தில் நிற்கவில்லை. 1892-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார்.

காற்றாலை, ஆறு, வயல், மரம்! ஹாலந்து ஓவியர்கள் எல்லோரும் வரைவதைத்தான் அவரும் அப்போது வரைந்தார். நன்றாகவும் வரைந்தார். அதோடு நின்றிருந்தால் ஊரோடு ஒருவராகக் காலம் தள்ளியிருப்பார்.

மரம் கோடானது

1909-ம் ஆண்டு அவர் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். சென்னை அடையாறில் தலைமை நிலையம் உள்ள சபைதான் அது. கண்ணுக்குத் தெரியும் உருவங்களுக்கு அடியில் மாறாத ஒழுங்கு ஒன்று உண்டு என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது.

அந்த ஒழுங்கைப் படத்தில் காட்ட முடியுமா? முயன்று பார்த்தார். ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முதல் படத்தில் மரம் சிவப்பாக எரிவது போல் நின்றது. அடுத்ததில் கிளைகள் வளைந்த கோடுகள் ஆயின. அதற்கு அடுத்ததில் மரமே தெரியவில்லை. கோடுகள் மட்டுமே நின்றன!

பிறகு பாரிசில் போய்க் குடியேறினார். 1914-ம் ஆண்டு, நோயுற்ற தந்தையைப் பார்க்க ஊருக்கு வந்தார். அந்தச் சமயம் முதல் உலகப் போர் மூண்டது. பாரிசுக்குத் திரும்ப வழியில்லை. ஐந்து ஆண்டுகள் ஹாலந்திலேயே தங்க நேர்ந்தது.

256 கட்டங்கள்

அந்த ஆண்டுகளில்தான் அவர் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார். 1919-ம் ஆண்டு ஒரு படம் வரைந்தார். குறுக்கே 16 கட்டம், நெடுக்கே 16 கட்டம். மொத்தம் 256. எல்லாம் ஒரே அளவு. சதுரங்கப் பலகை போல இருந்தது.

ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. எல்லாக் கட்டமும் ஒன்று போல் இருந்தால் ஒழுங்கு இருக்கிறது, உயிர் இல்லையே! எனவே கட்டங்களைச் சிறிதும் பெரிதும் ஆக்கினார். ஒரு மூலையில் பெரிய சிவப்புக் கட்டம். எதிர் மூலையில் சின்ன நீலக் கட்டம். நடுவே வெறும் வெள்ளை. இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஆனாலும் தராசு சாயவில்லை. அதுதான் அவர் கண்ட இரகசியம்.

சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, சாம்பல் போதும் என்று முடிவு செய்தார். படுத்த கோடு, நிமிர்ந்த கோடு இரண்டே. சாய்ந்த கோடு கூடாது! சாய்ந்த கோட்டை ஏற்றுக் கொண்ட நெருங்கிய நண்பர் டூஸ்பர்குடன் அவருக்கு மனத்தாங்கலே உண்டாயிற்று.

பூ கொடுத்த சோறு

பார்ப்பதற்கு எளிய படம். ஆனால் ஒரு கோட்டை எங்கே நிறுத்துவது என்று மாதக் கணக்கில் யோசிப்பார். கணக்குப் போட்டு வரைவதில்லை. கண்ணே அவருக்கு அளவுகோல்.

கட்டப் படத்தை வாங்க ஆள் அதிகம் இல்லை. வயிறு சும்மா இருக்குமா? பூக்களை வரைந்து விற்றார். கையால் பூ வரைந்தார். மனதால் கட்டம் வரைந்தார். கலியாணமும் செய்து கொள்ளவில்லை. தம் அறைச் சுவரிலும் வண்ண அட்டைகளைக் கட்டம் கட்டமாக ஒட்டி, அதற்குள்ளேயே வாழ்ந்தார்.

1937-ம் ஆண்டு, ஹிட்லரின் ஆட்சி தனக்குப் பிடிக்காத படங்களை எல்லாம் கேலி செய்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் மாண்ட்ரியான் படங்களும் இருந்தன. 1938-ல் அவர் லண்டனுக்குப் போனார். 1940-ல் அங்கும் குண்டு விழுந்தது. 68 வயதில் கப்பல் ஏறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

கடைசிக் கட்டம்

நியூயார்க் நகரத்தின் தெருக்களே கட்டம் கட்டமாக ஓடுகின்றன! கிழவருக்கு உற்சாகம் பிறந்தது. அந்த ஊர்த் துள்ளல் இசை அவருக்கு உயிர். கறுப்புக் கோட்டை விட்டார். மஞ்சள் கோடுகளில் சின்னச் சின்ன வண்ணச் சதுரங்களைப் பதித்தார். படம் தெருப் போல் ஓடியது. பாட்டுப் போல் துள்ளியது. அவர் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி 1942-ல்தான் அங்கே நடந்தது. அப்போது அவருக்கு வயது 69.

1944-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி நிமோனியாக் காய்ச்சலில் அவர் இறந்தார். கடைசிப் படம் முடியாமல் நின்றது. வண்ண நாடாத் துண்டுகள் அதில் ஒட்டியபடியே இருந்தன.

1965-ல் பாரிஸ் தையல் கலைஞர் சாந் லோரான், அந்தக் கட்டங்களை உடையாகவே தைத்தார். வண்ணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த உடை அது. உலகமே அதைப் பார்த்தது. முடியாத அந்தக் கடைசிப் படத்தை 1998-ல் ஹாலந்து 8 கோடி கில்டர் கொடுத்து வாங்கியது.

2022-ல் ஒரு வேடிக்கை. நாடா ஒட்டிய அவர் படம் ஒன்று, ஜெர்மனி அருங்காட்சியகத்தில் பல்லாண்டாகத் தலைகீழாகத் தொங்குவதாகத் தெரிய வந்தது! திருப்பினால் நாடா விழுந்துவிடும் என்று அப்படியே விட்டு விட்டார்கள்.

தலைகீழாக இருந்தும் அதன் அழகு குறையவில்லை. தராசு சாயாமல் கட்டம் போட்டவர் அல்லவா அவர்!