மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கான்

கல்வி தேடுவது கடமை என்ற சொல் நம் பள்ளிவாசல்களின் மிம்பர்களில் ஒலிக்காத நாட்கள் குறைவு. ஆனால் எந்தக் கல்வி என்று கேட்டால் வீட்டுக்கு வீடு விடை மாறுகிறது. ஒரு வீட்டில் பிள்ளையை மதரஸாவில் சேர்த்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது. இன்னொரு வீட்டில் டாக்டர் அல்லது இன்ஜினியர், மூன்றாவது கிடையாது. காலமெல்லாம் ஒரு பொருளை ஆராய்ந்து, அல்லாஹ்வின் படைப்பில் அதுவரை அறியப்படாத ஒன்றை மக்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையும் கல்விதான் என்பது இரண்டு வீடுகளிலும் பேச்சில் வருவதில்லை.

இத்தனைக்கும் நம் கோவை ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற ஊர். 1912-இல் இங்கே தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை நாணல் இனத்தோடு இணைத்து உருவாக்கிய பயிர், 1918 முதல் வட இந்திய வயல்களில் விளைந்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகம், பஞ்சாலைத் தொழிலுக்கான ‘சிட்ரா’, மருத்துவக் கல்லூரி, ஆனைகட்டியில் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயர் தாங்கிய மையம் என்று துறைக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அவை தூரமும் அல்ல. தீனையும் மருத்துவத்தையும் விஞ்ஞானத்தையும் கல்விப் பணியையும் ஒரே வாழ்வில் சேர்த்து வைத்திருந்த ஒரு பெரியாரின் சரிதையை இவ்விதழில் நாம் எடுத்துக்கொண்டது இதனால்தான்.

ஹகீம் அஜ்மல் கான் சாஹிப் அவர்கள் 1868-ஆம் ஆண்டு டில்லியில் பிறந்தார்கள். மொகலாய மன்னர்கள் காலத்திலிருந்தே யூனானி வைத்தியத்தில் புகழ்பெற்றது அவர்களின் குடும்பம். இளம் வயதிலேயே குர்ஆன் ஷரீபை மனனம் செய்து ஹாபிஸ் ஆனார்கள். அரபியும் பார்சியும் கற்றார்கள். பின்னர் வீட்டுப் பெரியவர்களிடமே நாடி பார்க்கவும் மருந்து வகுக்கவும் பயின்றார்கள்.

1892-இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே இருந்தார்கள். ராம்பூர் அரண்மனை நூலகம் அரிய கையெழுத்துப் பிரதிகளுக்குப் பெயர் பெற்றது. நூலகப் பொறுப்பும் ஹகீம் சாஹிபிடமே வந்தது. பகலில் நோயாளிகளோடும், மற்ற நேரங்களில் முன்னோரின் நூல்களோடும் அவர்களின் காலம் கழிந்தது.

மூத்த சகோதரர்கள் மறைந்தபின், டில்லியில் குடும்பத்தார் நடத்திவந்த திப்பிய்யா மதரஸாவின் சுமை அவர்கள் தோளில் ஏறியது. டில்லி மக்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பது அக்குடும்பத்தின் வழக்கம். அதை அவர்கள் விடவில்லை. வெளியூர்ச் செல்வந்தர்களிடம் பெருந்தொகை வாங்கினார்கள். தரமான மருந்து கிடைப்பதற்காக ஹிந்துஸ்தானி தவாகானாவை நிறுவி, அதன் வருமானத்தைக் கல்விப் பணிக்கே ஒதுக்கினார்கள்.

1909-இல் பெண்களுக்காகத் தனியே ஒரு மருத்துவப் பள்ளி திறந்தார்கள். அக்காலத்தில் அன்னிய ஆடவரிடம் நோயைச் சொல்லக் கூசியே எத்தனையோ பெண்கள் உயிரை விட்டார்கள். பர்தாவைக் காரணம் காட்டிப் பெண்ணின் படிப்பை நிறுத்துகிறவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தப் பர்தா பேணப்படுவதற்கே பெண் மருத்துவர்கள் தேவை என்று ஒரு ஹாபிஸ் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்.

1911-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளையும் கல்லூரிகளையும் பார்த்தார்கள். லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டாக்டர் அன்சாரி பணிபுரிந்த காலம் அது. அங்கே ஒரு நோயாளியைப் பற்றிப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஸ்டான்லி பாய்ட் ஒரு முடிவும், ஹகீம் சாஹிப் வேறொரு முடிவும் சொன்னார்களாம். பித்தப்பையில் கோளாறு என்றார் ஆங்கிலேயர். சிறுகுடலின் மேற்பகுதியில் புண் என்றார்கள் ஹகீம் சாஹிப். மறுநாள் வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீம் சாஹிப் சொன்னதே சரியாயிருந்ததாம். பாய்ட் மனமுவந்து அதை ஒப்புக்கொண்டு, அவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தாராம். இந்தச் சம்பவத்தைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்வது எளிது. ஹகீம் சாஹிபோ அப்பயணத்திலிருந்து வேறொன்றைக் கொண்டு வந்தார்கள். உடற்கூறும் அறுவை மருத்துவமும் தெரியாமல் நம் வைத்தியர்கள் இனிக் காலம் தள்ள முடியாது என்ற தெளிவுதான் அது.

அதை அவர்கள் செயலிலும் காட்டினார்கள். யூனானியும் ஆயுர்வேதமும் ஒரே கூரையின் கீழ். கூடவே மேல்நாட்டு உடற்கூறு இயலும் அறுவைப் பயிற்சியும். இதுவே அவர்கள் வகுத்த திட்டம். லக்னோவின் பழம்பெரும் வைத்தியக் குடும்பத்தார் இதை ஏற்கவில்லை. யூனானி தன்னளவில் நிறைவானது, பிறரிடம் கடன் வாங்கினால் கெட்டுவிடும் என்பது அவர்களின் எண்ணம். தம் மருந்து மெய்யானதாக இருந்தால் அதைச் சோதிப்பதற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பது ஹகீம் சாஹிபின் நிலை. எந்த நோயை இறக்கினாலும் அதற்கான நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை நம்புகிறவர், அந்த நிவாரணத்தைத் தேடிப் போகத்தானே வேண்டும்!

1916-இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர் வைஸ்ராய் ஹார்டிஞ்ச். 1921 பிப்ரவரி 13-இல் திறந்து வைத்தவரோ காந்தியடிகள். இவ்வைந்தாண்டுகளில் நாடு எவ்வளவு மாறியிருந்தது என்பதற்கு இதுவே சான்று. மேல்நாட்டு மருத்துவத்தைக் கடுமையாகக் குறை கூறிவந்த காந்தியடிகள்கூட, விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி வேட்கைக்கு அன்று அம்மேடையில் மரியாதை செலுத்தினார். ஹகீம் சாஹிபும் அதற்குள் அரசு தந்த ஹாஸிகுல் முல்க் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மக்கள் மஸீஹுல் முல்க் என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். அவ்வாண்டு அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்களும் அவர்களே.

1920-இல் அலிகரில் ஜாமியா மில்லிய்யா இஸ்லாமிய்யா உருவானபோது அதன் முதல் வேந்தர் ஆனார்கள். கிலாபத் இயக்கம் ஓய்ந்து பணவரவு நின்றதும், அதை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஹகீம் சாஹிப் இணங்கவில்லை. 1925-இல் அதை டில்லிக்குக் கொண்டு வந்து, செலவின் பெரும்பகுதியைத் தம் கையிலிருந்தே கொடுத்தார்கள். இன்று அது மத்தியப் பல்கலைக்கழகம்.

இவ்வளவு பாரத்துக்கும் நடுவே மற்றொரு செலவையும் அவர்கள் ஏற்றிருந்தார்கள். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்த சலீமுஸ்ஸமான் சித்தீகி என்ற இளைஞருக்குப் பொருளுதவி செய்தார்கள். அவர் திரும்பி வந்து, திப்பிய்யா கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்து, நாட்டு மூலிகைகளைப் பகுத்துப் பார்க்க வேண்டும் என்பது விருப்பம். சித்தீகி 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே 1927-இன் டிசம்பர் இறுதியில், இதய நோயால் ஹகீம் சாஹிப் ராம்பூரில் வபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆராய்ச்சிக்கூடத்தின் பயனை அவர்கள் கண்ணால் காணவில்லை.

1931-இல் சித்தீகி சர்ப்பகந்தா வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தெடுத்தார். மனநோய்க்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த வேர் அது. அச்சத்துக்களில் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்தவரின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயர் வைத்தார். சீர்கெட்ட இதயத் துடிப்பை ஒழுங்காக்க அது மருந்தாயிற்று. பார்வைக்கு நலமாக இருப்பவரைத் திடீரென்று சாய்த்துவிடும் ‘புருகாடா’ என்ற இதயக் கோளாறு ஒருவரிடம் ஒளிந்திருக்கிறதா என்று அறிய, இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகளில் அந்த அஜ்மலினைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். இதய நோயால் மறைந்த ஒருவரின் பெயர், பிறர் இதயத்தைக் காக்கும் மருந்தில் வாழ்கிறது!

மனிதன் மரணித்தபின்னும் நன்மை வந்துகொண்டிருக்கும் வழிகளில் ஒன்று, அவன் விட்டுச்செல்லும் பயனுள்ள கல்வி என்பது நபிமொழி. நம் ஊர்களில் வசதியுள்ளவர்கள் பள்ளிவாசலுக்கு மினாரா கட்டுகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அத்தோடு, ஆராய்ச்சிப் படிப்பில் நாட்டமுள்ள ஓர் ஏழை மாணவனுக்கோ மாணவிக்கோ ஐந்தாறு ஆண்டுகள் கைகொடுத்தால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும். பலன் எப்போது வரும் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட வேண்டும். தென்னை வைத்த பாட்டனார் இளநீருக்காகக் காத்திருந்தா வைத்தார்? வீட்டில் ஒரு பிள்ளை பூச்சியையோ செடியையோ பார்த்துக் கேள்விமேல் கேள்வி கேட்டால், அத்தாவும் அம்மாவும் அதன் வாயை அடைக்காமல் இருப்பதும் இதில் ஒரு பங்கு.

ஹகீம் சாஹிப் அவர்களின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர்கள் நடந்த வழியில் நம் மக்களையும் நடத்துவானாக! ஆமீன்.