மீன் பல் தேடிய பாதுஷா



உங்கள் வீட்டு ஷோகேஸை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் வாங்கிய சங்கு, ஏலகிரியில் பொறுக்கிய கல், தாத்தா காலத்து மான் கொம்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். இப்படி அதிசயப் பொருள் சேர்ப்பதில் பெரும் ஆசை கொண்டிருந்த முகலாய மன்னர் ஜஹாங்கீரைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம்.

அக்பரின் மகனாக 1569 இல் சிக்ரியில் பிறந்தவர். இயற்பெயர் சலீம். 1605 இல் அரியணை ஏறி 22 ஆண்டுகள் ஆண்டார். புதிய விலங்கோ பறவையோ வந்தால் உற்றுப் பார்த்துத் தன் வரலாற்று நூலில் எழுதிவைப்பார். ஓவியர் மன்சூரை வரையச் சொல்வார். 1621 இல் வரிக்குதிரை வந்தபோது, கோடுகள் பூசிய சாயமல்ல என்று சோதித்த பிறகே நம்பினார்.

அவர் மனத்தைக் கவர்ந்த இன்னொன்று மீன் பல். பெயர்தான் மீன் பல். உண்மையில் அது வடதுருவக் கடலின் வால்ரஸ் தந்தம். அதே கடலில் வாழும் நார்வால் திமிங்கலத்தின் முறுக்கிய நீண்ட பல்லை, ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று நம்பி ஐரோப்பியர் பெரும் விலைக்கு வாங்கிய காலம் அது. டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் 1638 இல்தான் உண்மையை விளக்கினார்.

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அனுப்பிய குத்துவாளின் பிடி, கரும்புள்ளி ஓடிய மீன் பல்லால் ஆனது. அதைக் கண்டு மயங்கிய ஜஹாங்கீர், என்ன விலையானாலும் வாங்கி வரும்படி பாரசீகத்துக்கும் மத்திய ஆசியாவுக்கும் ஆட்களை அனுப்பினார்.

ஆனால் அப்படி ஒன்று ஆக்ரா கடைத்தெருவிலேயே அற்ப விலைக்குப் போயிருந்தது! வாங்கியவர், கருப்பை நெருப்புச் சுட்ட கறை என்று நினைத்துவிட்டார். இளவரசர் ஷாஜஹானின் பட்டறைத் தச்சரிடம் கொடுத்து, கறையை நீக்கி வில்லாளர் அணியும் மோதிரம் செய்யச் சொன்னார். தச்சர் பார்த்ததுமே புரிந்துகொண்டு மேலாளரிடம் ஓடினார். பல் மன்னரிடம் சேர்ந்தது. பூரண், கல்யாண் என்ற கைவினைஞர்கள் அதிலிருந்து பிடிகளைச் செதுக்கினார்கள்.

தோல் தொழில் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர் கழிவென்று ஒதுக்குவதில் மதிப்பைக் காண்பது தரம் பிரிப்பவரின் கண்தான். நாடெங்கும் ஆள் அனுப்பிய மன்னரால் முடியாததை ஒரு தச்சரின் கண் முடித்தது.

இந்த ரசிகரே பெரிய வேட்டைக்காரரும்கூட. 12 வயது முதல் சுமார் 47 வயது வரை தன் கையால் கொன்றவை 17,167 உயிர்கள் என்று அவரே கணக்கு வைத்திருந்தார். பேரன் ஷுஜா நோயுற்றபோது, இனி எந்த உயிரையும் கையால் கொல்வதில்லை என்று நேர்ந்துகொண்டார். பின்னாளில் அதையும் மீறினார். 1627 இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். சமாதி லாகூருக்கு அருகே இருக்கிறது.

அவர் சேர்த்த பொருள்கள் பல கைமாறிப் போயின. பார்த்து எழுதியதும் வரையச் செய்ததும் இன்றும் பயன்படுகின்றன. எனவே உங்கள் பிள்ளைகளுக்குச் சேர்ப்பதைவிடப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் மான் கொம்போ தந்தமோ இருந்தால், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நினைவிருக்கட்டும். அவற்றை விற்காதீர்கள், வாங்காதீர்கள். உரிய சான்றிதழ் இல்லையென்றால் வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.